போன பணம் எங்கே நிற்கிறது?

என் நண்பர் ஒருவர் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் ஆசிரியர். பள்ளியின் அறிவியல் மன்றத்துக்கு ஒரு தொலைநோக்கி வாங்க வேண்டும் என்பது அவருடைய இரண்டாண்டு ஆசை. மாணவர்கள் ஆளுக்கு ஐம்பதும் நூறுமாகக் கொடுத்தார்கள். குறைந்ததைத் தம் கையிலிருந்து போட்டார். பணம் சேர்ந்த சமயத்தில் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. இருபதாயிரத்துக்கு மேல் விலை போகும் தொலைநோக்கி, மூன்று நாள் மட்டும் ரூ. 9,499! வலைத்தளம் பார்க்க லட்சணமாக இருந்தது. படங்கள் இருந்தன, வாங்கியவர்களின் பாராட்டுரைகள் இருந்தன. பணம் கட்டும் இடத்தில் மட்டும், "கார்டு வசதி தற்காலிகமாக இல்லை, கீழுள்ள யு.பி.ஐ. முகவரிக்கு அனுப்பவும்" என்று ஒரு வரி. அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் அந்த வலைத்தளமே இல்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் நம் கட்டுரைக்கு விஷயம். மூன்று நாள் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. "நியூட்டன் விதி நடத்துகிற நானே ஏமாந்தேன் என்று பசங்களிடம் எந்த முகத்தோடு சொல்வது?" என்று பிறகு என்னிடம் கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு நேர்ந்த நஷ்டத்தில் பெரும் பகுதி, பணம் அனுப்பிய அந்த ஒரு நிமிடத்தில் நேர்ந்ததன்று. பேசாதிருந்த அந்த மூன்று நாளில் நேர்ந்தது. இது எப்படி என்று புரிய வேண்டுமானால், கைப்பேசியில் அனுப்பும் பணம் உண்மையில் எப்படிப் 'போகிறது' என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏடுகளின் பயணம்

ஒன்றை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பொத்தானை அழுத்தும்போது எந்த ரூபாயும் எங்கும் பறந்து போவதில்லை. உங்கள் வங்கியின் பேரேட்டில் உங்கள் பெயருக்கு நேரே ரூ. 9,499 பற்று எழுதப்படுகிறது. வேறொரு வங்கியின் பேரேட்டில் வேறொரு பெயருக்கு நேரே அதே தொகை வரவு எழுதப்படுகிறது. அவ்வளவுதான். இந்த இரண்டு எழுத்தும் சில விநாடிகளில் நடந்து முடியும்படி, இடையில் நின்று இரு வங்கிகளுக்கும் செய்தி சொல்வது இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் நடத்தும் யு.பி.ஐ. என்னும் ஏற்பாடு. இது 2016இல் தொடங்கியது. வங்கிகள் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வது பிற்பாடு, நாளுக்குப் பல தவணைகளாக நடக்கும். ஆனால் வாங்குபவருக்கு அதுவரை காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. வரவு எழுதப்பட்ட மறு நொடியே அவர் எடுத்துச் செலவழிக்கலாம்.

ஏட்டில் எழுதியதற்கு ஒரு குணம் உண்டு. அது தடம் விட்டுச் செல்லும். கைமாறிய நூறு ரூபாய் நோட்டு யார் யாரிடம் இருந்தது என்று அந்த நோட்டைக் கேட்டால் சொல்லாது. யு.பி.ஐ. வழியாகப் போன பணத்துக்கோ ஒவ்வொரு தாவலுக்கும் 12 இலக்கமுள்ள ஓர் எண் உண்டு, நேரம் உண்டு, கொடுத்த கணக்கும் வாங்கிய கணக்கும் உண்டு.

"அப்படியானால் வங்கியே அந்த எழுத்தை அழித்துவிட்டு என் பணத்தைத் திருப்பித் தரக்கூடாதா?" என்று கேட்பீர்கள். பலரும் வங்கி மேலாளரிடம் கோபத்தோடு கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். நீங்கள் ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறீர்கள். ஒருவர் ஒரு மூட்டை அரிசி வாங்கிப் பணம் அனுப்பிவிட்டுப் போகிறார். மாலையில் அவர் தம் வங்கிக்குப் போன் செய்து "ஏமாந்துவிட்டேன்" என்று சொன்ன மாத்திரத்தில் உங்கள் கணக்கிலிருந்து பணம் உருவப்பட்டால், நாளைக்கு யார் கடை திறப்பார்கள்? ஆகையால், ஒருவர் கணக்கில் வந்துவிட்ட பணத்தை மற்றவர் சொல்லை மட்டும் நம்பி வங்கி தொடாது. 'நிறுத்து' என்று சொல்ல அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும்.

இது ஏமாற்றுக்காரனுக்கும் நன்றாகத் தெரியும். எனவே அவன் பணத்தை ஓரிடத்தில் நிற்க விடுவதில்லை. முதல் கணக்கு அவன் பெயரில் இருக்காது. ஏதோ ஓர் ஊரில், சில ஆயிரம் ரூபாய் கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் பாஸ்புத்தகத்தையும் ஏ.டி.எம். கார்டையும் கொடுத்துவிட்ட ஒருவருடைய கணக்கு அது. காவல் துறையினர் இதை 'மியூல்' கணக்கு என்பார்கள். பொதி சுமக்கும் கோவேறு கழுதை என்று பொருள். அங்கிருந்து பணம் மூன்று நான்கு கணக்குகளாகப் பிரியும்; அங்கிருந்து மேலும் பிரியும். கடைசியில் எங்கோ ஓர் ஏ.டி.எம். வாயிலில் நோட்டுகளாக வெளியே வரும், அல்லது கிரிப்டோ நாணயமாக உருமாறும். நோட்டாக வெளியே வந்த இடத்தோடு ஏட்டின் தடமும் முடிந்துவிடுகிறது. (இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை: "உன் கணக்கை ஒரு மாதம் கொடு, ஐயாயிரம் தருகிறேன்" என்று எவராவது கேட்டால், அவர் தேடுவது உங்கள் சிநேகத்தை அன்று. போலீசார் முதலில் கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தான்.)

ஆக, பணம் திரும்புமா என்ற கேள்விக்கு விடை உங்கள் நியாயத்தைப் பொறுத்தது மட்டுமன்று. நீங்கள் குரல் கொடுக்கும் வேளையில் பணம் எந்த ஏட்டில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

1930 என்ற எண்ணுக்குப் பின்னால்

இந்த ஓட்டத்தைத் துரத்துவதற்கென்றே மத்திய உள்துறை 2021இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. முதலில் 155260 என்று இருந்த தொலைபேசி எண் பிறகு 1930 ஆயிற்று. நாடு முழுவதும் இதே எண்தான். இங்கே நடப்பது வெறும் புகார் எழுதிக்கொள்வதன்று. ஓர் அஞ்சலோட்டம் என்றே சொல்லலாம். நீங்கள் சொல்லும் விவரம் கணிப்பொறியில் பதிவானதும் செய்தி உங்கள் வங்கிக்குப் போகிறது. பணம் எந்த வங்கிக்குப் போயிற்று என்று உங்கள் வங்கி பார்த்துச் சொல்லுகிறது. செய்தி அந்த வங்கிக்குப் போகிறது. பணம் அங்கே இன்னும் இருந்தால், அந்தத் தொகையை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கிறார்கள். அதற்குள் வேறு வங்கிக்குத் தாவியிருந்தால் செய்தியும் அதன் பின்னாலேயே தாவுகிறது. திருடன் போன பாதையிலேயே காவல்காரனும் ஓடுகிறான். எத்தனை நிமிடம் பிந்தி ஓடத் தொடங்கினான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆதலால் ஏமாந்தது தெரிந்தவுடன், பஞ்சாங்கம் பார்க்காமல், 1930ஐ அழையுங்கள். அழைக்குமுன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது அதிகமில்லை: அந்த 12 இலக்க எண், தேதி, நேரம், தொகை, உங்கள் கணக்கு எண், பணம் வாங்கிய முகவரி. எண் எங்கே என்று தெரியாவிட்டால் பணம் அனுப்பிய செயலியில் அந்தக் கொடுப்பனவைத் தொட்டால் யு.டி.ஆர். என்ற பெயரில் இருக்கும். லைன் கிடைக்காவிட்டால் சும்மா இருந்துவிட வேண்டாம். 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' என்ற அரசு வலைத்தளத்திலும் அதே புகாரைப் பதியலாம். தொலைபேசியில் சொன்னவர்களும் முழுப் புகாரை அங்கே பூர்த்தி செய்ய வேண்டியிருக்கும். கூடவே வங்கிக்கும் சொல்லுங்கள். வங்கியின் எண்ணைக் கார்டின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புத்தகத்திலிருந்தோ எடுக்க வேண்டும். வலையில் தேடி எடுக்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். விளம்பரம், உரையாடல், ரசீது எல்லாவற்றையும் அழிந்துபோகுமுன் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். என் நண்பரிடம் வலைத்தளத்தின் ஒரு படம்கூட இல்லை.

காவல் நிலையத்தில் "இது எங்கள் எல்லை இல்லை" என்று சொன்னால் தளர வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையமும் உண்டு.

செங்கல் வந்த பார்சல்

இடையில் நின்று பணத்தைப் பிடிப்பது ஏதோ கணிப்பொறிக் காலத்துப் புதுமை என்று எண்ணிவிடாதீர்கள். இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. என்னும் முறையைத் தொடங்கியது 1877இல். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துக் கடுதாசி போட்டால் தபால்காரர் பார்சலோடு வருவார்; பணத்தைக் கட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கைக்கடிகாரம் கேட்டவருக்குக் கூழாங்கல்லும் டிரான்சிஸ்டர் கேட்டவருக்குச் செங்கல்லும் வந்த கதை ஒன்றாவது கிடைக்கும். தபால்காரர் வாங்கிய பணம் அன்றைக்கே விற்றவன் கைக்குப் போகாது. மணியார்டராகப் போய்ச் சேரச் சில நாள் பிடிக்கும். 1898ஆம் ஆண்டின் அஞ்சல் அலுவலகச் சட்டத்தில், மோசடி என்று தெரிந்தால் அந்தப் பணத்தை நிறுத்தி வைத்து, பார்சலைப் பெற்றவருக்கே திருப்பிக் கொடுப்பதற்கு இடம் செய்யப்பட்டிருந்தது. அந்தச் சட்டம் இப்போது நீங்கி, 2023ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதில் இருந்த யோசனை இன்றும் உயிரோடு இருக்கிறது: விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் நடுவில் ஒரு கை, அந்தக் கையில் பணம் கொஞ்ச நேரம் தங்கல்.

நீங்கள் எந்த வழியாகப் பணம் கட்டினீர்கள் என்பது ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும். ஒருவருடைய யு.பி.ஐ. முகவரிக்கு நேரே அனுப்பினால் நடுவில் தங்குமிடம் இல்லை. என் நண்பர் பார்த்த அந்த ஒரு வரி, 'கார்டு வசதி இல்லை' என்ற வரி, தற்செயலாக வந்ததன்று. மாறாக, கட்டணம் வசூலிக்கும் இடைநிறுவனம் ஒன்றின் வழியாகக் கட்டியிருந்தால், பணம் அந்த நிறுவனத்தின் தனிக் கணக்கில் தங்கி, பெரும்பாலும் மறுநாளோ அதற்குப் பிறகோதான் கடைக்காரனுக்குப் போகும். உங்கள் குறுஞ்செய்தியில் கடையின் பெயருக்குப் பதில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அது இதுதான். அதற்கும் உடனே எழுதுங்கள்.

கார்டு தரும் பலம்

கார்டில் கட்டியவருக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. யு.பி.ஐ.யில் நீங்கள் பணத்தைத் தள்ளுகிறீர்கள். கார்டிலோ கடைக்காரனுடைய வங்கி, கார்டு நிறுவனத்தின் வலையமைப்பு வழியாக, உங்கள் வங்கியிடமிருந்து பணத்தை இழுக்கிறது. அப்படி இழுக்கும் உரிமையைப் பெறும்போதே அந்த வங்கி ஒரு பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறது: இழுத்தது தவறென்று தெரிந்தால் திருப்பித் தர வேண்டும். இதற்குச் 'சார்ஜ்பேக்' என்று பெயர். கடைக்காரன் ஓடிப்போனாலும் அவனுடைய வங்கி ஓட முடியாதல்லவா? அமெரிக்காவில் கடன் அட்டைகளுக்கு 1974இல் இதற்கெனச் சட்டமே செய்தார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் கார்டு நிறுவனங்களின் விதிகளின்படி நடக்கிறது. பொருள் வந்து சேராத வழக்குகளுக்கு விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் கெடு. ஆனாலும் உங்கள் வங்கிக்கு வேலை செய்ய நேரம் வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

இங்கே பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வங்கிக்குப் போய், "என் கார்டில் மோசடி நடந்துவிட்டது" என்பார்கள். அலுவலர் பார்த்துவிட்டு, "ஓ.டி.பி. எண்ணை நீங்களேதான் போட்டிருக்கிறீர்கள், ஒன்றும் செய்ய முடியாது" என்பார். வந்தவர் தலை குனிந்து திரும்பிவிடுவார். அலுவலர் சொன்னது ஒரு கேள்விக்குச் சரியான பதில். ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று. 'எனக்குத் தெரியாமல் எடுத்தார்கள்' என்பது ஒரு முறையீடு. 'நான்தான் கட்டினேன், ஆனால் பொருள் வரவில்லை' என்பது வேறொரு முறையீடு. ஓ.டி.பி. போட்டது முன்னதை உடைக்கும், பின்னதைத் தொடாது. ஆகவே எழுத்தில், "பொருள் வந்து சேரவில்லை, சார்ஜ்பேக் கோருகிறேன்" என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். ஆர்டர் செய்த தேதி, வருவதாகச் சொன்ன தேதி, நீங்கள் விற்றவனுக்கு எழுதிய கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். இந்த ஒரு வாக்கிய வித்தியாசத்தில் திரும்பி வரவேண்டிய பணம் வராமல் போவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

'எனக்குத் தெரியாமல்' என்ற முறையீட்டுக்கு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதிகள் வகுத்தது. தவறு உங்களுடையதும் வங்கியுடையதும் அல்லாமல் வேறெங்கோ நேர்ந்திருந்து, நீங்கள் 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 நாள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் பொறுப்பு. தெரிவித்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையை உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும். நீங்கள்தான் பொறுப்பு என்று மெய்ப்பிக்கும் சுமையும் வங்கியுடையது. இவ்விதிகள் திருத்தப்படுவதுண்டு, இன்றைய நிலையை உங்கள் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று மட்டும் எல்லாருக்கும் பயன்படும்: உங்கள் கவனக்குறைவே காரணமானாலும், நீங்கள் தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சேரும். எனவே போலிக் கடையில் ரூ. 300தான் போயிற்று என்று அலட்சியமாக இராதீர்கள். கார்டு எண் அவனிடம் இருக்கிறது. அன்றே கார்டை முடக்கச் சொல்லுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இரண்டாவது கொள்ளை

ஏமாந்தவனை மறுபடி ஏமாற்றுவது எளிது. அவனுக்குப் பதற்றம் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது. 'பணம் திரும்பப் பெற உதவி எண்' என்று நீங்கள் வலையில் தேடினால் கிடைக்கும் எண்ணே போலியாக இருக்கலாம். அதனால்தான் கார்டின் பின்புறம் பார்க்கச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் இனிமையான குரலில் ஒருவர், "உங்கள் பணம் தயாராக இருக்கிறது, அனுப்பியிருக்கும் சதுரக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள், வந்துவிடும்" என்பார்.

வங்கிக் கிளையை நினைத்துப் பாருங்கள். உங்கள் கணக்கில் எவர் வேண்டுமானாலும் செலான் எழுதிப் பணம் கட்டலாம். அதற்கு உங்கள் கையெழுத்து கேட்பார்களா? பணம் எடுக்கும் சீட்டுக்குத்தான் கையெழுத்து. யு.பி.ஐ. ரகசிய எண் என்பது அந்தக் கையெழுத்தேதான். வரவுக்கு அது ஒருபோதும் தேவையில்லை. அதைக் கேட்ட மாத்திரத்திலேயே, நடக்கப்போவது பற்று என்று முடிவு கட்டிவிடலாம். உங்கள் திரையைத் தம் திரையில் காட்டும் செயலியை ஏற்றச் சொல்பவர், "ரூ. 500 பதிவுக் கட்டணம் கட்டினால் முழுத் தொகையும் மீட்டுத் தருவோம்" என்பவர் எல்லாரும் இதே கூட்டந்தான். 1930இல் புகார் பதியக் கட்டணம் கிடையாது.

கடை உண்மையானது, பொருள்தான் மோசம் என்றால் இந்தப் பாதை முழுவதும் தேவையில்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த விலை ரூ. 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

நிறுத்திய பணம் வீடு வருவது

1930இல் சொன்னதும், "ரூ. இவ்வளவு நிறுத்தப்பட்டது" என்று செய்தி வந்தால் பலர் மறுநாளே பாஸ்புத்தகத்தைத் திறந்து பார்த்து ஏமாற்றமடைகிறார்கள். நிறுத்தி வைத்தல் வேறு, திருப்பித் தருதல் வேறு. ஒரே கழுதைக் கணக்கில் பத்துப் பேருடைய பணம் கலந்திருக்கலாம்; எது யாருடையது என்று தீர்மானிக்க வேண்டும். தவறு செய்யாத ஒரு சிறு வியாபாரியின் கணக்கும் சில வேளை இந்தச் சங்கிலியில் மாட்டிக்கொள்கிறது. ஆகவே பல வேளைகளில் குற்றவியல் நீதிபதியின் ஆணை தேவைப்படலாம். முன்னெல்லாம் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 457ஆம் பிரிவின்படி மனுச் செய்தார்கள்; இப்போது அது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 503ஆம் பிரிவு. சைபர் காவல் நிலையத்திலேயே புகார் எண்ணைச் சொல்லி, எந்த வங்கியில் எவ்வளவு நிற்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு மனுவோடு இணைக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. எழுதி வைத்த காகிதம் ஒவ்வொன்றும் இங்கே உதவும்.

என் நண்பர் நான்காம் நாள் காலையில் 1930க்குப் பேசினார். ரூ. 9,499இல் ரூ. 3,400 இரண்டாவது கணக்கில் இன்னும் கிடந்தது. மீதி, அதற்குள் வேறு மாநிலத்தில் ஓர் ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வந்துவிட்டதாம். ரூ. 3,400 திரும்பி வர ஏழு மாதம் ஆயிற்று. அதற்கு முன்பே மன்றக் கூட்டத்தில் நடந்ததை அப்படியே மாணவர்களிடம் சொல்லிவிட்டார். கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டு, பணம் எந்தக் கட்டத்தில் எப்போது இருந்தது என்று அம்புக்குறியிட்டு விளக்கினாராம். "அன்றைக்கே சொல்லியிருந்தால் எல்லாமே முதல் கட்டத்தில் இருந்திருக்குமா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். "எல்லாமே என்று சொல்ல முடியாது, நிறைய இருந்திருக்கும்" என்றார்.

வந்த பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, நகரத்தில் ஒரு கடைக்கு நேரில் போய் இருகண் நோக்கி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி ஆடாமல் பிடித்தால், வியாழனின் நான்கு நிலாக்களும் அதில் தெரிகின்றன.